36 வயதில் மேலண்ண விரிவு

பெங்களூரு அல்சூரில் என் வீட்டருகே உள்ள பல்சீரமைப்பு மருத்துவர், என் மேல்தாடை குறுகியிருப்பதால்தான் பின்பற்கள் பொருந்தவில்லை என்றார். குழந்தைகளுக்கு மேலண்ணத்தின் நடுவிலுள்ள எலும்பு இணைப்பு முழுதும் இறுகியிருக்காது. பற்களில் மாட்டும் கருவியே அதை விரித்துவிடும். பெரியவர்களுக்கு அப்படிச் செய்தால், எலும்பு விரியாமல் பற்கள் மட்டும் வெளிப்புறம் சாய்ந்துவிடக்கூடும். ஆகவே, முப்பரிமாண ஸ்கேன் பார்த்தபின், அண்ணத்து எலும்பிலேயே 4 சிறு திருகுகளைப் பதித்து, அவற்றோடு கருவியை இணைத்தார்.

மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. அன்றிரவு முதல் என் மனைவி சிறு சாவியால் கருவியைத் திருப்பினார். ஒரு திருப்பத்துக்குக் கால் மில்லிமீட்டர். மூக்கின் அடியில் ஓர் அழுத்தம் எழுந்து மெல்லத் தணியும்.

என்னை உண்மையில் வருத்தியது பேச்சுதான். டகரம், ணகரம், ளகரம், ழகரம் ஆகிய அனைத்தும் நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை நாடும்போது பிறப்பவை; அங்கே உலோகம் இருந்ததால் நாக்கு இடமறியாமல் தடுமாறியது. "குரலே மாறிப்போச்சேப்பா, உடம்புக்கு என்ன?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது நெஞ்சு கனத்தது. அன்றிலிருந்து இரவுதோறும் மகளுக்குச் செய்தித்தாளை உரக்க வாசித்துப் பழகினேன்.

இரண்டாம் வாரம் முன்பற்களுக்கிடையே இடைவெளி தெரிந்தது. எலும்பு பிரிந்ததற்கு அதுவே அடையாளம் என்பதால், கண்ணாடிமுன் நெடுநேரம் மகிழ்ந்து நின்றேன். இப்போது திருப்புவதை நிறுத்திவிட்டோம். பிரிந்த இடத்தில் புது எலும்பு உருவாகச் சில மாதங்களாகும். அதுவரை கருவி வாயிலேயே இருக்கும்.