மருமகள் அனுப்பிய வெள்ளை முயல்

ஒன்ராறியோவின் வடக்கில் இருக்கிற மருமகள் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். காட்டோரத்தில் தூய வெள்ளை முயல். “மாமா, ஆடியில் காட்டின அதே மண்ணிற முயல்தான்” என்கிறாள்.

இருக்கலாம். கோடையில் மண்ணிறமாகவும் குளிரில் வெள்ளையாகவும் மாறுகிற இந்தப் பனிச்சப்பாத்து முயல்கள் (snowshoe hare) தூரம் போவதில்லை. ஒன்றின் நடமாட்டம் பெரும்பாலும் 5 முதல் 10 ஹெக்டேயருக்குள் அடங்கிவிடும். எங்கட யாழ்ப்பாணக் காணிக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 200 முதல் 400 பரப்புக் காணி! அதற்குள்ளேயே பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். கோடையில் புல்லும் இலையும் மேயும். பனி மூடினால் வில்லோ, பேர்ச் மரங்களின் சிறுகிளையும் பட்டையும்தான் சாப்பாடு. லிங்ஸ் பூனைக்கும் ஆந்தைக்கும் பயந்து, ஊசியிலை மரங்கள் அடர்ந்த பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

அப்புறம் அந்த வெள்ளை. ரோமம் மாறுவது முக்கியமாகப் பகல் குறுகுவதை வைத்துத்தான், பனியைப் பார்த்தல்ல. பனி பிந்திய வருடத்தில் வெறும் மண்ணில் வெள்ளையாக நிற்கும், பாவம். நினைக்கவே மனம் பதைக்கிறது.

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குப் பற்றைகளில் ஓடுகிற எங்கள் பிடரி கறுத்த முயலுக்கு அந்தக் கவலை இல்லை. நாளை விடியப்புறம் ஒருக்கால் போய்ப் பார்க்க வேண்டும். மருமகளுக்கும் ஒரு படம் அனுப்பலாம்.