கோடையில் வறண்ட எர்த் குழியும் எங்கள் மின்காரும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது எங்கள் ஊர். எனக்கு வேலை கோயம்புத்தூரில் என்பதால் நாள்தோறும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்த்துச் சலித்துப்போய், 24 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட டியாகோ மின்காரை ஒரு டிசம்பரில் வாங்கினோம். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் சித்தூர் வட்டத்தின் கே.எல். 70 எண்ணோடு அது வீடு வந்து சேர்ந்த நாளில், எவ்வளவு தூரம் ஓடும் என்பதையே எல்லோரும் கேட்டார்கள். எங்கே சார்ஜ் செய்வீர்கள் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை; நானும் அதை யோசித்திருக்கவில்லை.

காரோடு கொடுத்த 15 ஆம்பியர் சார்ஜரைப் போர்டிகோவில் இருந்த பழைய பவர் பிளக்கில் செருகினேன். மூன்றாம் வாரத்தில் பிளக் பழுப்பேறிக் கருகிய வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். காரோ 14 ஆம்பியருக்கு மேல் எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். அந்தச் சூட்டைச் சாதாரண வீட்டு பிளக்கும் சுவருக்குள் ஓடும் மெல்லிய ஒயரும் தாங்குவதில்லை. மீட்டர் பலகையிலிருந்து போர்டிகோ வரை 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியாக இழுத்து, அதற்கென்று மின்னோட்டம் மிகுந்தால் அணைத்துவிடும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் மின்கசிவு ஏற்பட்டால் அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தி, தொழிற்சாலைகளில் பயன்படும் நீல நிற சாக்கெட்டை வைத்த பிறகு சூடு அடங்கியது. சிக்கல் தீர்ந்தது என்றே நினைத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றது. கழற்றிச் செருகினால் சில நிமிடம் ஓடும், மறுபடியும் நிற்கும். மறுநாள் காலை 31 சதவீதத்தோடு கோயம்புத்தூர் போய், அங்கே விரைவு சார்ஜ் நிலையத்தில் காத்திருந்து திரும்பினேன். சார்ஜர்தான் பழுதென்று எண்ணி நண்பர் ஒருவருடையதை வாங்கிச் செருகியபோது அதிலும் அதே சிவப்பு எரிந்தது.

பார்க்க வந்த முதல் ஆள் பிளக்கைக் கழற்றிவிட்டு, நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தையும் (மண்ணோடு இணைக்கும் கம்பி) ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார். இதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: யார் சொன்னாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி இணைத்தால் சார்ஜர் ஏமாந்து ஓடத்தான் செய்யும். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், பேஸ் மின்சாரம் அந்தத் துண்டுக் கம்பி வழியே காரின் உடலுக்கு வந்துவிடும். காலையில் ஈரக் காலோடு கதவைத் தொடுகிறவர் என் அம்மாவாகவோ மகளாகவோ இருக்கலாம். காரின் உடல் மண்ணோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரத்தை விடும்படி சார்ஜரைச் செய்திருக்கிறார்கள். அந்தக் காவலைத்தான் அவர் நீக்கச் சொன்னார். அவரை அப்படியே அனுப்பிவிட்டேன்.

அடுத்து, உரிமம் பெற்ற ஒரு வயர்மேன் வந்து அளந்து பார்த்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 228 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 188, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 40. கடைசி அளவு இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். "அண்ணா, இது காரோட கோளாறு இல்லீங்க. மண்ணுல ஈரமே இல்லை, எர்த் எப்படி இறங்கும்?" என்று கேட்டு, மதில் ஓரத்தில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அன்று இரவு கார் விடிய விடிய சார்ஜ் ஆயிற்று.

கேரளம் என்றாலே ஓயாத மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் கிழக்குச் சித்தூர் மழை மறைவுப் பகுதி. கரிசல் மண் மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். பங்குனி, சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். எங்கள் குழியோ அப்பா வீடு கட்டிய காலத்தில் கரியும் உப்பும் இட்டு நிரப்பியது. உப்பு கரைந்து போய், இரும்புக் குழாய் துருவேறி, வெடித்த மண் குழாயை விட்டு விலகி நின்றது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வேலை செய்தது மார்ச்சில் நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

தோண்டிப் பார்த்துப் புதிதாகவே இரண்டு குழி போட்டோம். இரண்டரை மீட்டர் நீளமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மூன்று மீட்டர். சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் இட்டோம். துவைக்கும் கல்லின் தண்ணீர் வடிகிற இடத்தருகே ஒரு குழியை வைக்கச் சொன்னது அம்மாவின் யோசனை. எல்லாவற்றிலும் பயன் தந்தது அதுதான். எர்த் சோதிக்கும் கருவியில் பழைய குழியின் மின்தடை 85 ஓம் காட்டியது; இது குறையக் குறைய நல்லது. புதியவை இரண்டும் சேர்ந்து 4 ஓமுக்குக் கீழே வந்தன.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவைப் பதிவு செய்தபோது, மொத்தப் பளு 5 கிலோவாட்டைத் தாண்டியதால் மூன்று பேஸ் இணைப்புக்கு மாறினோம். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் எரித்த வீடு 780 யூனிட்டுக்கு ஏறியது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விகிதம். ஆகவே காருக்கான யூனிட்டை மட்டும் பெருக்கிக் கணக்குப் போட்டால் தவறாகும். விளக்குக்கும் மிக்ஸிக்கும் சேர்த்தே விலை கூடுகிறது. அப்படியிருந்தும் கூடுதலாகக் கட்டியது, முன்பு பெட்ரோலுக்குக் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மாலை 6 முதல் இரவு 10 வரை உச்ச நேரம் என்பதால், பத்து மணிக்கு மேல்தான் சார்ஜர் ஓடும்படி வைத்திருக்கிறோம். வெயிலில் ஓடி வந்த பேட்டரி ஆறுவதற்கும் அந்த இடைவெளி உதவுகிறது.

இந்தச் சித்திரையிலும் மண் வெடித்தது. வாரம் ஒருமுறை இரண்டு குழிகளிலும் இரண்டு குடம் தண்ணீர் விடுகிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட் இருந்தது. மீட்டர் பெட்டியின் உள்பக்கம் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.