இயன்றவரை

“இந்த ‘இயன்றவரை’ யாருக்காக அக்கா போட்டிருக்கீங்க?”

எங்கள் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அந்த ஜூனியர் வக்கீல் கேட்டார். “உங்கள் பெயரும் அடையாளமும் இயன்றவரை வெளியிடப்படாது” என்பது அந்த வரி. அதுவரை நான் பேசியிருந்த வக்கீல்களில் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் ரொம்பக் குறைவு. நாள் முழுக்க அஃபிடவிட்டையும் பத்திரத்தையும் வரி வரியாகப் பார்க்கிறவர்கள், தங்கள் கையெழுத்து என்று வரும்போது “எங்கே போடணும்?” என்று மட்டும் கேட்பார்கள். இவர் கிரயப் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எல்லா ஃபார்ம்லயும் வர்ற வார்த்தைதான்மா. ஃபார்மாலிட்டி” என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். மொத்தமே பத்து வினாடி இருக்கும். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அந்த ஒன்றரை மணி நேரத்தைவிட இந்தப் பத்து வினாடிதான் இன்றைக்கும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் சொன்னது பொய்யில்லை. எல்லாப் படிவத்திலும் அந்த வார்த்தை வருகிறது. ஆனால் அவர் கேட்டது அது எங்கே வருகிறது என்றில்லையே. யாருக்காக என்று கேட்டார். அதற்கு எனக்கு விடை தெரியும், அப்போதே தெரியும். எங்களுக்காக. நாளைக்கு ஏதாவது ஆனால் “முழுசாக உறுதி கொடுக்கவில்லையே” என்று நாங்கள் சொல்லிக்கொள்வதற்காக.

ஆய்வு ஜூனியர் வக்கீல்களின் வருமானம் பற்றியது. 2023-ல் சில மாவட்ட நீதிமன்ற ஊர்களில் களப்பணி செய்தோம். சீனியர் ஆபீஸில் கைமாறுகிற பணத்தைப் பற்றிக் கேட்பது ஒருவரின் வீட்டுச் சண்டையைப் பற்றிக் கேட்பது மாதிரி. முதலில் அந்தப் பணத்துக்குப் பெயரே கிடையாது. தொழில் செய்கிற வக்கீல் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-ஆம் விதி. விதி அப்படி இருக்க, யாரும் அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. ஸ்டைபண்ட் என்பார்கள், பெட்ரோல் காசு என்பார்கள், “சார் ஏதோ பார்த்துக் கொடுப்பார்” என்பார்கள். வேலையில் சேர்ந்ததற்குக் கடிதம் இல்லை, ரசீது இல்லை, லீவுக் கணக்கு இல்லை. காலையில் மூன்று கோர்ட்டில் ஓடி ஓடி வாய்தா வாங்கி, மத்தியானம் கேஸ் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ராத்திரி ஒன்பது மணி வரை கட்சிக்காரர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறவர், எட்டாம் வகுப்பு படித்த குமாஸ்தாவைவிடக் குறைவாக வாங்குகிற ஆபீஸ்களைப் பார்த்தோம்.

சீனியர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. “என் சீனியர் எனக்குப் பத்துப் பைசா கொடுத்ததில்லைம்மா. அவர் வீட்டில் சாப்பாடு போட்டார், தொழில் கொடுத்தார்” என்று கண் கலங்கச் சொன்னவர்கள் உண்டு. அதை நான் நம்புகிறேன். அவர்கள் பார்வையில் அது கொடுக்கல் வாங்கல் இல்லை, குரு சிஷ்ய உறவு.

எங்கள் ஆய்வின் வாதமே அதுதான். இந்தப் பணம் கூலியாக இல்லாமல் பரிசாகக் கொடுக்கப்படுகிறது. கூலியென்றால் போதவில்லை என்று கேட்கலாம். பரிசைக் குறைவு என்று சொல்ல முடியுமா?

அந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தது இந்தப் பெண் சொன்ன ஒரு விஷயம். சீனியர் மாதாமாதம் முதல் சனிக்கிழமை பூஜை முடிந்ததும் மொய்க் கவரில் பணம் வைத்துக் கொடுப்பாராம். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்குமே, அந்தக் கவர். நாலாயிரத்து ஒன்று. “கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரிதான் அக்கா. பாதி மாசம் அந்த நாலாயிரம் பத்தாது. ஆனா அந்த ஒரு ரூபாயை மட்டும் நான் எடுக்கிறதில்லை. எல்லாத்தையும் பழைய ஜாமெட்ரி பாக்ஸ்ல போட்டு வெச்சிருக்கேன்.” எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். “முப்பத்தொண்ணு” என்றார். மாதம் தப்பாமல் வந்திருக்கிறது.

ஒலிப்பதிவை எழுதி முடித்த அன்று சக ஆய்வாளரைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். எவ்வளவு சந்தோஷமாகக் காட்டினேன் என்பது நினைவில் இருக்கிறது.

அறிக்கை அனுப்புவதற்கு முந்தின இரவு அதே சக ஆய்வாளர் அந்தப் பத்தியின் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார்: “கவரை வைத்து யாரென்று தெரிந்துவிடாதா?” நான் பதில் எழுதினேன்: “ஊர் இல்லை, பெயர் இல்லை. பால், அனுபவம் இரண்டையும் மாற்றிவிட்டேன்.” மேற்கோளின் கீழே “ஆண், ஐந்து ஆண்டு அனுபவம்” என்று போட்டிருந்தேன். உண்மையில் பெண், மூன்று ஆண்டுக்கும் குறைவு. ஏன் ஆண் என்று போட்டேன் என்பதற்குக் காரணம் இருந்தது. நாட்டிலுள்ள 17 லட்சம் வக்கீல்களில் பெண்கள் 15 சதவீதம்தான் என்று அப்போதைய தலைமை நீதிபதி ரமணா 2021-ல் சொன்னார். சின்ன ஊர் பாரில், அதாவது வக்கீல்கள் வட்டத்தில், ஒரு ஜூனியர் பெண் என்று சொன்னாலே பாதி அடையாளம் தெரிந்துவிடும். அதனால் மாற்றினேன். குறிப்பை ‘முடிந்தது’ என்று மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. அமெரிக்காவில் ஒரு சிற்றூரை ‘ஸ்பிரிங்டேல்’ என்று பெயர் மாற்றி 1958-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஜூலை 4 ஊர்வலத்தில் முகமூடி போட்டு, ஆய்வாளர் தங்களுக்கு வைத்த பெயர்களை வண்டிகளில் எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியில் எரு வண்டியில் ஆய்வாளரின் உருவ பொம்மை. ஊர் பெயரை மாற்றுவது வெளியாட்களிடமிருந்துதான் காப்பாற்றும், உள்ளூர்க்காரர்களிடமிருந்து காப்பாற்றாது என்பதற்கு உதாரணமாக இதை வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். சொல்லத் தெரிந்ததுதான்.

அறிக்கை வந்த நேரம் சாதாரண நேரமில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் கொடுக்கச் சொல்லி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஜூலை கடைசியில் உச்ச நீதிமன்றம், வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றது. பார் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே இல்லை. அடுத்த மாதம் வந்த எங்கள் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் அங்கே போய் விழுந்தது. நான் பரபரப்பாக இருந்தேன். நாம் எழுதியதை யாராவது படிக்கிறார்களே என்று.

செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். பதற்றமில்லாத குரல். சீனியர் சுருக்கத்தைப் படித்துவிட்டு, கவர் என்ற வார்த்தையிலேயே அது தன் ஆபீஸ் என்று தெரிந்துகொண்டார். “ஆண், ஐந்து ஆண்டு” என்று பார்த்தார். அந்த ஆபீஸில் அப்படி ஒருவர்தான் இருந்தார். அவரைக் கட்சிக்காரர்கள் முன்னாலேயே கூப்பிட்டு, “உனக்குக் குறைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஊருக்கே சொல்லணுமா?” என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன விஷயமென்றே புரியவில்லை. இரண்டு நாள் கேஸ் கட்டு எதுவும் அவர் கைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் இந்தப் பெண் உள்ளே போய், “அது நான்தான் சார்” என்று சொல்லியிருக்கிறார்.

சீனியர் கத்தவில்லை. “உன்னை நல்லா இருக்கணும்னு நினைச்சுதானேம்மா கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னாராம். அடுத்த மாதம் கவர் இல்லை. பணம் குமாஸ்தா கையால் வந்தது, அதே நாலாயிரம், ஒரு ரூபாய் இல்லாமல். அதற்கடுத்த மாதம் இவரே நின்றுகொண்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: “நான் சொன்னதைத்தானே அக்கா எழுதியிருக்கீங்க.”

இதை ஆறுதலாகவும் எடுக்கலாம். சில நாள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். படித்தவர், சட்டம் தெரிந்தவர், படிவத்தைப் படித்துவிட்டுத்தான் போட்டார். இன்றைக்கு இரண்டு தோழிகளோடு சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறார், ஜீவனாம்ச வழக்குகளும் செக் வழக்குகளும் வருகின்றன. அந்த ஆபீஸிலேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் கட்டுத் தூக்கியிருப்பார்? இப்படி யோசிக்கும்போதே வாய் கசக்கிறது. அவர் வெளியே வந்து நன்றாக இருப்பது அவருடைய சாமர்த்தியம். அதை என் கணக்கில் வரவு வைக்க எனக்கு உரிமையில்லை.

கவரை எடுத்துவிட்டிருக்கலாமா? “ரொக்கமாக, ரசீது இல்லாமல்” என்று எழுதியிருக்கலாம். ஆனால் பரிசு என்கிற என் வாதத்துக்குச் சான்றே அந்தக் கவர்தான். கவர் இல்லாவிட்டால் நான் சொல்வது வெறும் அபிப்பிராயம். ஒரு சீனியர் எழுந்து “எங்கேம்மா ஆதாரம்?” என்று கேட்டால் காட்ட ஒன்றுமிருக்காது. ஆய்வுக்கு எது ஆதாரமோ அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்தது. இதில் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தப்பு செய்த இடம் தெரிகிறது, சரியான வழி தெரியவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே எழுதியிருக்கிற மொய்க் கவரும் ஒரு ரூபாயும் அந்த ஆபீஸில் இல்லை. அவர் சொன்னது வேறொன்று. அதற்கு ஈடாக நான் இதை வைத்திருக்கிறேன். சீனியரும் அவரும் பேசியதையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன். இப்படி ஒரு கட்டுரையில் செய்யலாம், ஆய்வறிக்கையில் செய்ய முடியாது. மேற்கோள் குறிக்குள் சொல்லாததை வைத்தால் அது புனைவு, எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றமில்லை. ஆனால் பால் மாற்றியது மட்டும் என்ன? “ஆண்” என்று எழுதியதும் பொய்தானே. அந்தப் பொய்யை முறை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போதாததற்கு, ஒரு பெண் ஜூனியருக்கு என்ன கிடைக்கிறது என்கிற விஷயமும் அதில் காணாமல் போனது.

அடுத்த ஆய்வின் படிவத்தில் ‘இயன்றவரை’யை எடுத்துவிட்டு அனுப்பினேன். ஆய்வுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு திரும்பச் சேர்த்து அனுப்பியது. அவர்கள் செய்தது சரி. அந்த வார்த்தை இல்லாவிட்டால் நான் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறேன். இருந்தால் என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன். இப்போது அந்த வரி வந்ததும் நிறுத்தி, வாயாலும் சொல்லிவிடுகிறேன்: “வெளியாளுக்குத் தெரியாது. உங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுபோகலாம்.”

சொன்னதும் சிலர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுந்து போகிறவர்கள் அநேகமாக ஜூனியர்கள், அவர்களிலும் பெண்கள் அதிகம். சீனியர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள், அவர்களுக்கு யார் தெரிந்துகொண்டாலும் ஒன்றுமில்லை. இப்படியே போனால் ஜூனியர்களைப் பற்றிய ஆய்வில் சீனியர்களின் குரல்தான் மிஞ்சும். அதற்காக அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவருக்கு முழுசாகப் போனில் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஒரு ரூபாய் விஷயத்துக்கு, “இது நல்லாத்தான் இருக்கு” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“அக்கா, அவர்கிட்ட ஒரு தடவையாவது பேசினீங்களா? எனக்குப் பதிலா திட்டு வாங்கினாரே, அவர்கிட்ட.”

பேசவில்லை. அவருடைய எண் என்னிடம் இல்லை. அவர் எங்கள் ஆய்வில் இல்லை, எந்தப் படிவத்திலும் அவர் கையெழுத்து இல்லை.

“நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க” என்றார்.