கூட்டமா பாடறதுக்குன்னே கட்டின பாட்டு

எங்க பெரம்பூர் பக்கம் எலெக்ஷன் வந்தா ஆட்டோல ஸ்பீக்கர் கட்டி ஹிட்டான சினிமா மெட்டுல கட்சிப் பாட்டு போட்டுட்டே போவாங்க, மெட்டு ஏற்கனவே நம்ம வாய்ல இருக்கறதால ரெண்டு தடவ கேட்டாலே வார்த்தையும் ஒட்டிக்கும். இதே வேலைய அமெரிக்கத் தொழிலாளிங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க.

ஜோ ஹில்னு ஒருத்தர், சுவீடன்ல இருந்து பிழைக்க வந்தவர். அப்ப தெருமுனைல தொழிற்சங்கத்துக்காரங்க பேச நின்னா சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவ அமைப்பு பேண்ட் வாசிச்சே பேச்ச அமுக்கிடும். இவரு அந்த சர்ச் பாட்டு மெட்டையே எடுத்து, செத்தப்புறம் சொர்க்கத்துல சோறு கிடைக்கும்னு சொல்றீங்களே, இப்ப பசிக்குதே அதுக்கு என்ன வழின்னு கேட்டு வார்த்தை போட்டுட்டாரு. துண்டுப் பிரசுரத்த ஒரு தடவைக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க, பாட்டுன்னா மனப்பாடம் ஆயிடும்ங்கறது அவரோட கணக்கு. 1915ல ஒரு கொலை கேஸ்ல யூட்டா மாநிலத்துல அவருக்கு மரண தண்டனை குடுத்து சுட்டுக் கொன்னாங்க. அந்தக் கேஸ் நியாயமா நடந்துச்சான்னு இன்னிக்கும் சண்டை போடறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க ஃப்ளாரன்ஸ் ரீஸ். 1931, கென்டக்கி, ஹார்லன் கவுண்டி, நிலக்கரிச் சுரங்கத் தகராறு. புருஷன் சங்கத்து ஆளு, அவரத் தேடி ஷெரிஃப், அதாவது அந்தப் பகுதி போலீஸ் தலைவரோட ஆளுங்க வீட்டுக்குள்ள புகுந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டாங்க, குழந்தைங்க உள்ள இருக்கும்போதே. அவங்க கிளம்பினதும் இந்தம்மா சுவத்துல இருந்த காலண்டர் தாளக் கிழிச்சு அதுலயே எழுதினாங்க, நீ எந்தப் பக்கம்னு கேக்கற பாட்டு. மெட்டு? பழைய சர்ச் மெட்டுன்னு சொல்றாங்க. முப்பது வருஷம் கழிச்சு கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டத்துலயும் அதையே வார்த்தைய மாத்திப் பாடினாங்க.

நம்ம ஸ்கூல்ல எல்லாம் பாட வச்சாங்களே 'வி ஷல் ஓவர்கம்', அத அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பாட்டுன்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க. அவரு பரப்பினவர்தான், இல்லேங்கல. ஆனா 1945ல சவுத் கரோலினா சார்ல்ஸ்டன்ல ஒரு சுருட்டு ஃபேக்டரி ஸ்ட்ரைக், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், குளிர்காலம் பூரா வாசல்ல நின்னாங்க, அங்க லூசில் சிம்மன்ஸ்ங்கறவங்க சாயந்திரம் ஆனா இத மெதுவா இழுத்துப் பாடுவாங்களாம். அங்கேர்ந்து டென்னஸில தொழிலாளர்களுக்கு கிளாஸ் நடத்தின ஹைலேண்டர் பள்ளிக்குப் போயி, அங்கேர்ந்துதான் சீகர் கைக்கு வந்துச்சு. 1965ல அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்காக அவங்க நாடாளுமன்றத்துல பேசும்போது அந்த வரியையே சொன்னாரு. சுருட்டு சுத்தின பெண்கள் பாட்டு எதுவரைக்கும் போச்சு பாருங்க!

எல்லாமே சேர்ந்து பாடற ரகம்னு சொல்ல முடியாது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939ல பாடின 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' வெள்ளைக்காரக் கும்பல் அடிச்சுக் கொன்னு மரத்துல தொங்கவிட்ட கறுப்பின உடல்களப் பத்தினது, ஏபல் மீரோபோல்ங்கற வாத்தியார் எழுதின கவிதை. நியூயார்க் கிளப்ல அத அவங்க பாடும்போது சர்வர்ங்க நின்னுடுவாங்க, லைட் எல்லாம் அணைஞ்சு முகத்துல மட்டும் வெளிச்சம். அவங்க வழக்கமா பாடற கொலம்பியா கம்பெனி ரெக்கார்ட் பண்ண மாட்டேன்னுடுச்சு, கமடோர்ங்கற சின்ன கம்பெனிதான் போட்டுச்சு. அத ஹெட்போன்ல கேட்டா அப்புறம் கொஞ்ச நேரம் என்னால வேற எதுவும் கேக்க முடியறதில்ல.

இருந்தாலும் என் மனசு காலண்டர் தாள் பக்கம்தான். நம்ம ஊர்லயும் 1921ல பின்னி துணி மில் ஸ்ட்ரைக் மாசக்கணக்கா நடந்துச்சு. புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் மில் குடும்பத்துப் பெரியவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா, சங்கத்துல என்ன பாடினாங்கன்னு கேட்டு, பாடச் சொல்லி, போன்லயே ரெக்கார்ட் பண்ணி வைங்க ப்ளீஸ்.