பெட்டிக்கு முன்னால் லேப்டாப்

அடுத்த வாரம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். துணிமணி இன்னும் எடுத்து வைக்கவில்லை; இரண்டு நாளாக லேப்டாப்போடுதான் மல்லுக்கட்டு.

வீடியோ கால் ஒத்திகை முடிந்தது. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டேன். அம்மா பத்து நிமிடமும் நெற்றியை மட்டுமே காட்டினார். சரி, பழகிவிடும். சில நாடுகளில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது என்பதால் ஜூமையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான தலைவலி ஓடிபி. மெயில், வங்கி எல்லாம் இங்குள்ள சிம்முக்குத்தான் அனுப்பும். ரோமிங் இல்லாமல் அது செத்துக் கிடந்தால் என் கணக்குக்கே நான் அந்நியன். அதனால் ஜிமெயிலுக்கு, சிம் இல்லாமலே போனில் குறியீடு காட்டும் அதென்டிகேட்டர் செயலியை இணைத்துவிட்டு, கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளையும் லேப்டாப் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதிக்கொண்டேன். தாளை லேப்டாப் பையிலேயே வைக்கப் போனேன், நல்லவேளை தங்கை பார்த்துத் தலையில் தட்டினாள்.

சார்ஜரில் 100-240 வோல்ட் என்றிருக்கிறது; அங்குள்ள மின்சாரத்துக்கும் ஒத்துவரும். பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

அம்மாவின் ஒரே கவலை, அங்கே எப்போது இரவு என்பது. எனக்கு லேப்டாப்பில் இரண்டாவது கடிகாரம் வைத்தாயிற்று. அவருக்குச் சுவரில் இன்னொன்று மாட்ட ஆணி தேடிக்கொண்டிருக்கிறேன்.