‘வேண்டாம்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது

சிங்கப்பூரில் வேலைக்கு வந்த தமிழர்களுக்கு மஸ்ட், ஹேவ் டு, ஷுட் மூன்றையும் சொல்லிக்கொடுக்க முதலில் பாடப்புத்தக வரிசையில்தான் போனோம்: அறிவுரை, கட்டாயம், கடைசியில் தடை. மனத்தில் நிற்கவில்லை. தமிழில் மூன்றுக்குமே ‘வேண்டும்’ போதுமே! வரிசையைத் தலைகீழாக்கி, எதிர்மறையில் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது.

எதிர்மறையில் தமிழ் நன்றாகவே பிரித்துச் சொல்கிறது. ‘ஏறக் கூடாது’ என்றால் தடை, அது மஸ்ட் நாட். ‘ஏற வேண்டியதில்லை’ என்றால் கட்டாயமில்லை, அது டோன்ட் ஹேவ் டு. குழப்புவது ‘வேண்டாம்’. ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்றால் வரவே கூடாதா, வந்தாலும் பரவாயில்லையா? தமிழில் குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அதனால் வாயைத் திறக்குமுன் ‘வேண்டாம்’ என்பதைக் ‘கூடாது’ அல்லது ‘தேவையில்லை’ என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே தினமும் காதில் விழும் பேச்சும் கைகொடுக்கும்: ‘கேனாட்’ என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் மஸ்ட் நாட் வரும், ‘நோ நீட்’ இடத்தில் டோன்ட் ஹேவ் டு.

இது மதிப்பெண் விஷயம் மட்டுமல்ல. ஆட்டம் காணும் சாரத்தைக் காட்டி ‘யூ டோன்ட் ஹேவ் டு கிளைம்ப்’ என்றால், கேட்பவர் ‘விருப்பமிருந்தால் ஏறலாம்’ என்றே எடுத்துக்கொள்வார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, காய்ச்சல் இல்லையென்றால் ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட்’ என்பார்கள். ஆன்டிபயாட்டிக்குக்கு ‘யூ மஸ்ட் ஃபினிஷ் த கோர்ஸ்’ என்பார்கள். இரண்டு மருந்தும் ஒரே பையில்தான் வீட்டுக்கு வரும்.

எதிர்மறை பழகிவிட்டால் நேர்மறை எளிது. ‘செய்தே ஆக வேண்டும்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் மஸ்ட் அல்லது ஹேவ் டு. ‘செய்வது நல்லது’ பொருந்தினால் ஷுட். விதிப்பலகையில் மஸ்ட் அதிகம், பேச்சில் ஹேவ் டு அதிகம். மேலாளரிடம் பணிவாக ‘நீங்கள் இதைப் பார்க்க வேண்டும்’ என்று நினைத்து ‘யூ மஸ்ட் சீ திஸ்’ என்றால் கட்டளையாகிவிடும். ‘யூ பெட்டர் சீ திஸ்’ இன்னும் மோசம், மிரட்டல் போலக் கேட்கும். ‘ஐ திங்க் யூ ஷுட் சீ திஸ்’ என்பதே சரி.

இறந்த காலத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கட்டாயம் என்ற பொருளில் மஸ்ட்டுக்கு இறந்த காலம் கிடையாது. ‘நேற்று ஓவர்டைம் செய்ய வேண்டியிருந்தது’ என்பது ஹேட் டு. ‘செய்திருக்க வேண்டும்’ என்பதற்கோ இரண்டு முகம். ‘செய்யாமல் விட்டுவிட்டோமே’ என்ற வருத்தமானால் ஷுட் ஹேவ். ‘செய்திருப்பார் போலிருக்கிறது’ என்ற ஊகமானால் மஸ்ட் ஹேவ். ‘அவர் பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும்’ என்பது ஊகம், எனவே ‘ஹீ மஸ்ட் ஹேவ் மிஸ்ட் த பஸ்’.

வடிவத்தில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். மஸ்ட், ஷுட் இரண்டுக்கும் பின்னால் ‘டு’ வராது, ‘டோன்ட் மஸ்ட்’ என்பதும் கிடையாது. ஹேவ் டு மட்டும் ஹீ, ஷீக்குப் பின் ஹேஸ் டு ஆகும். எம்ஆர்டி ரயிலில் 500 வெள்ளி அபராதம் போட்ட பலகையைப் பாருங்கள்: ‘நோ ஈட்டிங் ஆர் டிரிங்கிங்’. அதையே வாக்கியமாக்கினால் ‘இங்’ உதிர்ந்துவிடும்: ‘யூ மஸ்ட் நாட் ஈட் ஆர் டிரிங்க்’. பக்கத்திலிருக்கும் ‘டுரியான் பழம் கூடாது’ என்ற பலகையில் அபராதத் தொகை இல்லை. ஆனாலும் அது தடைதான், ஷுட் நாட் என்று இளக்கிவிடாதீர்கள்.

உச்சரிப்பில் ஒன்று. மஸ்ட் நாட்டைச் சுருக்கினால் முதல் ‘ட்’ ஒலிக்காமல் ‘மஸன்ட்’ ஆகிவிடும். இயந்திரம் ஓடும் இரைச்சலில் அது ‘மஸ்ட்’ என்றே காதில் விழக்கூடும், பொருள் நேரெதிர். வேலையிடத்தில் ‘மஸ்ட் நாட்’ என்று இரண்டாகப் பிரித்து, ‘நாட்’டை அழுத்திச் சொல்லுங்கள். அவசரமென்றால் ‘டோன்ட் கிளைம்ப்!’ போதும்.