லினக்ஸ் கணினிக்கு வைஃபை கார்டு வாங்கிய அனுபவம்

என் டெஸ்க்டாப்பை ரூட்டர் இல்லாத அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே வரை கேபிள் இழுக்க வழியில்லை, மதர்போர்டிலும் வைஃபை கிடையாது. கையில் சும்மா கிடந்த யூஎஸ்பி டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை கருவி) செருகிப் பார்த்தேன். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தேடியதில் யாரோ புண்ணியவான் பராமரிக்கும் டிரைவரின் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) மூல நிரல் கிடைத்தது. அதைக் கம்பைல் செய்து (இயங்கும் வடிவுக்கு மாற்றி) ஏற்றியதும் வைஃபை வந்துவிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அடுத்த அப்டேட் வந்ததும் போய்விட்டது.

ஏன் போகிறது என்று பார்த்தபோதுதான் என்ன வாங்க வேண்டும் என்பதே புரிய ஆரம்பித்தது. லினக்ஸ் கர்னலின் உள் அமைப்பு ஒவ்வொரு பதிப்பிலும் மாறிக்கொண்டே இருக்கும். கர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர் என்றால், மாற்றத்தைச் செய்பவர்களே அந்த டிரைவரையும் திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் டிரைவரை யாராவது பின்னாலேயே ஓடித் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் டிரைவரைத் தானாகவே கம்பைல் செய்து தரும், உண்மைதான். ஆனால் நிரலே பொருந்தாமல் போனால் அதுவும் கையை விரித்துவிடும். கையொப்பமில்லாத நிரலை ஏற்காத செக்யூர் பூட் போட்டிருந்தால், அந்த டிரைவருக்குக் கையொப்பமிட்டு, அதற்கான சாவியையும் கணினியில் பதிய வேண்டும். இணையம் வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடா?

ஆகவே ஒரே நிபந்தனை வைத்துக்கொண்டேன்: டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். வேகமும் விலையும் அப்புறம்தான். பெட்டியில் ‘லினக்ஸில் இயங்கும்’ என்று அச்சிட்டிருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பல நேரம் அதற்கு, ஏதோ ஒரு பழைய கர்னலுக்கான மூல நிரலைத் தந்திருக்கிறோம் என்பதுதான் பொருள்.

தேட ஆரம்பித்தால் முதல் தலைவலி, பெட்டியில் சிப்பின் பெயரே இருக்காது. லினக்ஸுக்கோ சிப்தான் எல்லாம். வெளியே ஒட்டியிருக்கும் பிராண்டு எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். போதாததற்கு, ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சிப் வரும். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிள் இதற்குப் பேர்போன உதாரணம். அதன் முதல் பதிப்பில் ஏத்தெரோஸ் ஏஆர்9271 இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்புக்கு மாறிவிட்டது. முதல் பதிப்பை நம்பி யாரோ எழுதிய பாராட்டைப் படித்துவிட்டு இரண்டாம் பதிப்பை வாங்கினால் அனுபவம் வேறாகத்தான் இருக்கும். மாடல் பெயரோடு பதிப்பு எண்ணையும் பார்ப்பது அதனால்தான்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி, சாதனத்தின் அடையாள எண். ஏற்கெனவே வாங்கியவர் யாராவது, கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ அல்லது எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் விடையைப் பகிர்ந்திருந்தால், அதில் 8086:2725 போல ஒரு ஜோடி எண் இருக்கும். முன்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், பின்பாதி சாதனத்தை. இந்த எண்ணைச் சொன்னால் எந்த டிரைவர் அதை ஏற்கும் என்பது தெரிந்துவிடும். நம் கணினியிலேயே மாட்இன்ஃபோ கட்டளை கொடுத்தால், ஒரு டிரைவர் ஏற்கும் எண்கள் எல்லாம் வரிசையாக வரும். கார்டை வாங்கும் முன்பே இதைச் சரிபார்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய சௌகரியம்.

அடுத்து யூஎஸ்பியா, உள்ளே செருகும் கார்டா என்ற கேள்வி. டெஸ்க்டாப்புக்கு உள்ளே செருகுவதுதான் மேல் என்பது என் கருத்து. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். அதையொட்டியே டாங்கிளைச் செருகினால் சிக்னல் மங்கும். நீட்டிப்பு கேபிள் போட்டு ஒதுக்கி வைத்தால் ஓரளவு சரியாகும். இன்னொரு கூத்தும் உண்டு. சில டாங்கிள்கள் செருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவி அதைத் தட்டி எழுப்பினால்தான் வைஃபையாக மாறும்.

உள்ளே செருகுவது என்று முடிவானதும் பட்டியல் சுருங்கியது. இன்டெல்லுக்கு ஐடபிள்யூஎல்வைஃபை, மீடியாடெக்குக்கு எம்டி76, இரண்டும் கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்கள். எனக்குப் பிடித்தவை இரண்டு: இன்டெல் ஏஎக்ஸ்210, மீடியாடெக் எம்டி7921. முன்னதற்குக் கர்னல் 5.10, பின்னதற்கு 5.12 வேண்டும். பழைய கர்னலைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஏஎக்ஸ்200 உண்டு, அதற்கு 5.1 போதும். நான் ஏஎக்ஸ்210 எடுத்தேன். அந்த 8086:2725 அதன் எண்தான்.

இன்டெல்லில் ஒரு பொறி இருக்கிறது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்ற கார்டுகள் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், அதே எம்.2 (மதர்போர்டில் நேராகச் செருகும் சின்ன கார்டு) வடிவம். ஆனால் அவை முழு வைஃபை கார்டு அல்ல. பாதி வேலையை இன்டெல் பிராசஸரோ சிப்செட்டோ செய்யும் என்று எதிர்பார்ப்பவை. ஏஎம்டி மதர்போர்டிலோ பிசிஐ-இ (டெஸ்க்டாப்பில் பெரிய கார்டு செருகும் இடம்) அடாப்டரிலோ செருகினால் வேலை செய்யாது. கடைசி இலக்கம் பூஜ்யமா ஒன்றா என்று பார்ப்பது இந்த வரிசையில் நல்ல பழக்கம்.

என் மதர்போர்டில் வைஃபைக்கான எம்.2 இடம் இல்லாததால், கார்டைத் தாங்கும் பிசிஐ-இ அடாப்டரோடு சேர்த்தே வாங்கினேன். பொருத்துவதில் கவனம் தேவைப்பட்டது இரண்டு இடத்தில்தான். ஆன்டெனா இணைப்பான்கள் அரிசி மணி அளவுதான் இருக்கும். நேராக வைத்து, விரலால் மெல்ல அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கும். இரண்டாவது, புளூடூத். வைஃபை பிசிஐ-இ வழியே போனாலும் புளூடூத் யூஎஸ்பி வழியேதான் போகும். அடாப்டரிலிருந்து ஒரு சின்ன கேபிள் மதர்போர்டின் உள் யூஎஸ்பி இணைப்புக்குப் போக வேண்டும். அதைச் செருகாமல் விட்டுவிட்டு, லினக்ஸில் புளூடூத் வரவில்லை என்று புலம்புபவர்கள் ஏராளம்.

ஸ்டார்ட் செய்தேன். கார்டு தெரிந்தது, வைஃபை வரவில்லை. கர்னல் லாக்கில், பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் கர்னலில் இருக்கும், ஃபர்ம்வேர் சிப்புக்குள் ஓடும் நிரல், லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனித் தொகுப்பில் வரும். என் கர்னல் புதிது, அந்தத் தொகுப்பு பழையது. இணையமே இல்லாதபோது அதை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் லினக்ஸ் அதை உடனே ஏற்றுக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். அப்படி இறக்கி, கணினியை அணைத்துப் போட்டதும் நெட்வொர்க் பட்டியல் வந்துவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை குறைவு, நிறுவும் கோப்பிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது.

அப்புறம் சில்லறைத் திருத்தங்கள்தான். வேறு கணினியைத் தூரத்திலிருந்தே இயக்கும் எஸ்எஸ்ஹெச்சில் தட்டச்சு செய்யும்போது அவ்வப்போது இழுத்தது. நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபையின் மின்சேமிப்பை அணைத்ததும் சரியானது. டெஸ்க்டாப்பில் மின்சேமிப்பு எதற்கு? விண்டோஸும் அதே கணினியில் வைத்திருப்பவர்கள், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவது நல்லது. அது கார்டை அரைத் தூக்கத்தில் விட்டுவிடும், லினக்ஸால் எழுப்ப முடியாமல் போகலாம்.

ஏஎக்ஸ்210-இல் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கணினியையே ஹாட்ஸ்பாட்டாக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓட்ட முடிகிறது. 5-இல் தானாக ஒலிபரப்பைத் தொடங்க இன்டெல்லின் ஃபர்ம்வேர் விடுவதில்லை, டிரைவரை மாற்றியும் பயனில்லை. ஹாட்ஸ்பாட்தான் முக்கியம் என்றால் மீடியாடெக் பக்கம் போங்கள்.

பிசிஐ-இ இடமே இல்லாத சின்னக் கணினிக்கு யூஎஸ்பிதான் கதி என்றாலும் பழைய நிலைமை இப்போது இல்லை. எம்டி7921-இன் யூஎஸ்பி வடிவம் கர்னல் 5.18-இலிருந்தே உள்ளே இருக்கிறது. 6.2-இலிருந்து ரியல்டெக்கின் சில யூஎஸ்பி சிப்புகளும் ஆர்டிடபிள்யூ88 டிரைவருக்குள் வந்துவிட்டன. அங்கேயும் வாங்கும் முன் சிப்பின் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.